ஓடும் கேமை ஏஐ ஏஜென்ட் இயக்கும் டூல்களுக்கு ஆவணம் எழுதுவது: முழுமையான வழிகாட்டி

மதுரையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு 2டி கேம் செய்துகொண்டிருக்கிறோம். கேமை ஓட்டும் எஞ்சின் கோடோ (Godot). மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலை மல்லி மொட்டு வாங்கி, அது மலர்வதற்குள் மாசி வீதிக் கடைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஆட்டம். ராத்திரி நாங்கள் தூங்கும் நேரத்தில் ஓர் ஏஐ ஏஜென்ட், அதாவது தானே முடிவெடுத்து வேலை செய்யும் ஏஐ, இந்த கேமை ஆடிப் பார்த்து, எங்கே சிக்குகிறது, எங்கே கணக்குத் தப்புகிறது என்று எழுதி வைக்கும். அதற்குக் கை, கால், கண் எல்லாமே நாங்கள் கொடுத்த டூல்கள், அதாவது அது பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைகள்தான். ஆளை நகர்த்த ஒன்று, பூ வாங்க ஒன்று, கேமின் நிலையைப் படிக்க ஒன்று என மொத்தம் 14.

டூல்களை எழுதி முடிக்க அதிக நாள் ஆகவில்லை. அவற்றுக்கான ஆவணத்தைத்தான் மூன்று தடவை அடியோடு மாற்றி எழுதினோம். பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் விழுகிறார்கள். அதனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதற்காக என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஆவணத்தைப் படிக்கப்போகும் ஏஜென்ட் உங்கள் கேமைப் பார்த்ததில்லை. டூல் திருப்பித் தரும் பதிலும் நீங்கள் எழுதியதும் மட்டும்தான் அதற்குத் தெரியும். திரையில்தான் தெரிகிறதே என்று நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தில்தான் அது போய் விழும்.

படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே டூல்களைத் தமிழ்ப் பெயரில் சொல்கிறேன்: நிலை, நகர், வாங்கு, ஓட்டு, சேமி.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓடுகிற பில்ட் (கேமின் தொகுத்த பதிப்பு) ஒன்று வேண்டும். "அடுத்த வாரம் இப்படி மாற்றப்போகிறோம்" என்பதை நம்பி எழுதினால், அந்த வாரம் வரும்வரை ஆவணம் பொய்யாகவே இருக்கும்.

மாறாத சேவ் ஃபைல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேமின் தற்செயல் மதிப்புகள் எதிலிருந்து பிறக்கின்றனவோ அந்த எண்ணையும் (ரேண்டம் சீட்) மாறாமல் நிறுத்திவிடுங்கள். விலை ஒவ்வொரு முறையும் வேறாக வந்தால், மாறியது டூலா கேமா என்று கண்டுபிடிக்க முடியாது.

டூல் பட்டியலை நினைவிலிருந்து எழுத வேண்டாம். டூல்களை ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் சர்வரிடமே கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட்டையும் டூல்களையும் இணைக்கும் பொது நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், அதாவது எம்சிபி, வழியாக டூல்களைக் கொடுத்திருந்தால், பட்டியலைக் கேட்டதும் ஒவ்வொரு டூலின் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன உள்ளீடு, எந்த வடிவில் என்ற விவரம்) மூன்றும் வந்துவிடும். ஏஜென்ட் பார்ப்பதும் அந்தப் பட்டியலைத்தான். எங்கள் ஆவணத்தில் 15 டூல் இருந்தது, சர்வரில் 14தான். எப்போதோ எடுத்துவிட்ட டூல் ஒன்று எங்கள் நினைவில் மட்டும் மிச்சமிருந்தது.

2. ஒவ்வொரு டூலையும் கையால் அழைத்துப் பாருங்கள்

புதியவர்கள் கோடை (நிரலை) திறந்து வைத்து, ஃபங்ஷனுக்கு மேலே இருக்கும் கமென்ட்டைப் பார்த்து எழுதத் தொடங்குவார்கள். கமென்ட்டில் இருப்பது எழுதியவர் நினைத்தது. நடப்பது வேறாக இருக்கலாம்.

டூலுக்கு மூன்று அழைப்பு போதும். சரியான உள்ளீடு ஒன்று, எல்லை தாண்டிய உள்ளீடு ஒன்று, தவறான நேரத்தில் ஒன்று. கடை மூடிய பிறகு பூ வாங்கிப் பார்ப்பது மூன்றாவது வகை. வந்த பதிலை ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஃபைலில் போட்டு வையுங்கள். பின்னால் ஆவணத்தில் வரும் எல்லா எடுத்துக்காட்டும் இந்த ஃபைலிலிருந்துதான் வர வேண்டும். கற்பனையாக ஒரு பதிலை எழுதினால், இல்லாத ஒரு ஃபீல்டை நம்பி ஏஜென்ட் திட்டம் போடத் தொடங்கிவிடும்.

3. முதல் பக்கத்தில் நேரம், திசை, அளவு

எந்த டூலைப் பற்றியும் பேசும் முன் இந்த மூன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லா டூலுக்கும் பொதுவானவை இவை. பின்னால் எங்கோ வைத்தால், அதைப் படிக்கும் முன்பே ஏஜென்ட் இரண்டு டூலைத் தவறாக அழைத்திருக்கும்.

நேரம்தான் இதில் பெரியது. ஏஜென்ட் யோசிக்கும்போது கேம் கடிகாரம் நிற்கிறதா, ஓடுகிறதா? ஆவணத்தின் முதல் வரியே இதற்குப் பதிலாக இருக்கலாம்.

எங்கள் கேமில் ஒரு விநாடி போனால் கேமுக்குள் ஒரு நிமிடம் போகும். ஏஜென்ட் ஒரு முடிவெடுக்க 20 விநாடி எடுத்தால், மார்க்கெட்டில் 20 நிமிடம் கழிந்துவிடும். பத்து முடிவு என்றால் 3 மணி 20 நிமிடம். மல்லிக்கு இது சாதாரண நேரம் இல்லை. மொட்டாக இருக்கும்வரைதான் அதற்கு விலை, வாய் திறக்கத் தொடங்கினால் விலை இறங்கும். ஒருநாள் காலையில் வந்து அறிக்கையைத் திறந்தால், "பூ விலை காரணமில்லாமல் குறைகிறது, கணக்கில் பிழை" என்று இருந்தது. விலைக் கோடைத் தோண்டுவதிலேயே எங்களுக்கு ஒரு நாள் போனது. கோடில் ஒரு தவறும் இல்லை. ஏஜென்ட் யோசித்துக்கொண்டிருந்தபோது பூ மலர்ந்துவிட்டது. நேரம் ஓடுகிறது என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லை.

இப்போது கேம் எப்போதும் பாஸில் (pause), அதாவது கடிகாரம் நிறுத்தப்பட்டு நிற்கிறது. 'ஓட்டு' டூலை அழைத்தால் மட்டும், சொன்ன அளவு டிக் (கேம் முன்னேறும் மிகச் சிறிய படி) ஓடி மறுபடி நின்றுவிடும். கோடோவில் இயல்பாக விநாடிக்கு 60 பிசிக்ஸ் டிக். எனவே 60 டிக் என்றால் கேமுக்குள் ஒரு நிமிடம் என்று கணக்கையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். சோதித்த ஏஜென்ட்டுகளில் பாதி 'ஓட்டு 1' என்று கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று திகைத்து நின்றதைப் பார்த்த பிறகு சேர்த்த வரி அது.

இதில் ஒரு பொறி உண்டு. கோடோவில் கேமின் உறுப்புகள் எல்லாம் நோடுகளாக ஒரு ட்ரீயில் (சீன் ட்ரீ) இருக்கும். மொத்த ட்ரீயையும் பாஸ் செய்தால், டூல் சர்வர் இருக்கும் நோடும் சேர்ந்து உறையும். அந்த நோடின் புராசஸ் மோடை 'ஆல்வேஸ்' (எப்போதும் இயங்கு) என்று வைக்காவிட்டால், பாஸ் போட்ட அடுத்த நொடி எந்த டூலுக்கும் பதில் வராது. இதைக் கோடில் சரிசெய்த பிறகும், பாஸில் எந்தெந்த டூல் வேலை செய்யும் என்று ஆவணத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

திசைக்கு வருவோம். கோடோ 2டியில் ஒய் அச்சு கீழ்நோக்கிக் கூடும். பள்ளிக்கூட வரைபடத்தாளில் மேல்நோக்கிக் கூடும். எங்கள் வரைபடத்தில் மீனாட்சி கோயில் நடுவில், பூஜ்யம் பூஜ்யத்தில் இருக்கிறது. வடக்கு மாசி வீதிக்குப் போகச் சொன்னால், ஏஜென்ட் ஒய்யைக் கூட்டிக்கொண்டே போய்த் தெற்கு மாசி வீதியில் நின்றது. "ஒய் குறைந்தால் வடக்கு, கூடினால் தெற்கு" என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும். கோடோ 3டியிலும் யூனிட்டியிலும் உயரம் ஒய் அச்சில், அன்ரியலில் இசட் அச்சில். யூனிட்டியில் ஓர் அலகு ஒரு மீட்டர், அன்ரியலில் ஒரு சென்டிமீட்டர். ஏஜென்ட் இவை எல்லாவற்றையும் படித்திருக்கும், அதனாலேயே உங்களுடையது எது என்று சொல்லாவிட்டால் தானாக ஒன்றை எடுத்துக்கொள்ளும். கோணம் ரேடியனா டிகிரியா என்பதையும் மறக்க வேண்டாம். கோடோ எடிட்டர் டிகிரியில் காட்டும், கோடில் ரேடியன்.

அளவில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 'வாங்கு' டூலுக்கு அளவு 5 என்று ஏஜென்ட் கொடுத்தது. மார்க்கெட்டில் பூ கிலோவில்தான் என்று அதற்குத் தெரியும். எங்கள் கோடில் எல்லாம் கிராம். ஐந்து கிராம் மல்லியோடு ஆள் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தார், கடைக்காரர் வாங்கவில்லை. சில்லறைக் கடையில் முழக்கணக்கு வேறு. இப்போது உள்ளீட்டின் பெயரிலேயே அலகு இருக்கிறது: 'எடை_கிராம்', 'நீளம்_முழம்', 'விலை_பைசா'. விளக்கத்தைப் படிக்காமல் போனாலும் பெயர் கண்ணில் படும்.

4. பார்க்கும் டூல் முதலில், தொடும் டூல் பிறகு

அகர வரிசையில் அடுக்க வேண்டாம். நிலையை மட்டும் படிக்கும் டூல்கள் முதலில், ஆளை நகர்த்துபவை அடுத்து, பணம், சரக்கு, சேவ் ஃபைல் இவற்றை மாற்றுபவை கடைசியில். ஏஜென்ட்டும் இந்த வரிசையில் வேலை செய்தால்தான் நல்லது. பார்க்காமல் தொட்டால், தொட்டதால் என்ன மாறியது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

ஸ்கிரீன்ஷாட் டூல் இருந்தால் ஓர் எச்சரிக்கை சேருங்கள். கோடோவை ஹெட்லெஸ் முறையில், அதாவது திரை இல்லாமல், ஓட்டினால் திரையே வரையப்படாது, உருப்படியான படம் கிடைக்காது. எங்கள் ராத்திரிச் சோதனை ஹெட்லெஸ்ஸில் ஓடுகிறது. எனவே "ஹெட்லெஸ் என்றால் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், 'நிலை' டூலையே நம்பு" என்று எழுதியிருக்கிறோம்.

5. ஒரு டூலைப் பற்றி என்னென்ன எழுத வேண்டும்

எப்போது அழைக்க வேண்டும், எப்போது அழைக்கக் கூடாது, என்ன கொடுக்க வேண்டும், எந்த எல்லைக்குள், என்ன திரும்ப வரும், எப்போது முடியும். இந்த வரிசையை எல்லா டூலுக்கும் மாற்றாமல் வையுங்கள்.

'எப்போது அழைக்கக் கூடாது' என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் 'நகர்' டூலின் பழைய விளக்கம் இப்படி இருந்தது:

"ஆளைக் கொடுத்த இடத்துக்கு நகர்த்தும்."

மாட்டுத்தாவணியிலிருந்து கோயில் பக்கம் போக இதை ஏஜென்ட் அழைத்தது. டூல் நேர்க்கோட்டில்தான் நகர்த்தும், வழி தேடாது. நடுவில் வைகை இருக்கிறது. ஆள் ஆற்றங்கரையில் முட்டிக்கொண்டு நின்றார். ஏஜென்ட் அதே அழைப்பைத் திரும்பத் திரும்பக் கொடுத்தது. இப்போதைய விளக்கம்:

"ஆளை நேர்க்கோட்டில் நகர்த்தும். வழி தேடாது. ஆறு, சுவர், மூடிய கேட் எதிரே வந்தால் அங்கேயே நின்றுவிடும். வைகையைக் கடக்க இதை ஒரே அழைப்பில் பயன்படுத்த வேண்டாம். முதலில் கோரிப்பாளையம், பிறகு ஏ.வி. பாலத்தின் தென்முனை, பிறகு சேர வேண்டிய இடம் என்று மூன்று அழைப்பாகப் பிரிக்கவும். எக்ஸ், ஒய் இரண்டும் பிக்சலில்; மைனஸ் 4000 முதல் 4000 வரை."

நீளமாக இருக்கிறதே என்று தோன்றும். இருக்கட்டும். சர்வர் அனுப்பும் விளக்கமே ஏஜென்ட் கட்டாயம் படிக்கும் இடம். முக்கியமான எச்சரிக்கை அங்கே இருக்க வேண்டும், தனி ஆவணத்தில் மட்டும் இருந்தால் போதாது. அதற்காக எல்லா டூலுக்கும் பத்து வரி எழுதிவிடாதீர்கள். ஒவ்வோர் உரையாடலிலும் அவ்வளவையும் ஏஜென்ட் சுமக்க வேண்டியிருக்கும். நேரத்தைச் சொல்லும் டூலுக்கு ஒரு வரி போதும்.

6. 'ஓகே' என்று வந்தால் வேலை முடிந்ததா?

போன மாதம் பயிற்சிக்கு வந்த பெண் ஒருவர் லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, ஓகேன்னு சொல்லிருச்சு. ஆனா ஆளு நின்ன எடத்துலயே நிக்கிறாரு."

"டூல் எதுக்கு ஓகே சொல்லுச்சுன்னு பாரும்மா" என்றேன். லாகை (அழைப்புகளின் பதிவை) திறந்து பார்த்தோம். 'நகர்' டூல் கட்டளையை வாங்கிக்கொண்டதற்கு ஓகே சொல்லியிருந்தது. கேம் பாஸில் நின்றது. யாரும் 'ஓட்டு' அழைக்கவில்லை. ஏஜென்ட் அந்த ஓகேயை நம்பி அடுத்து 'வாங்கு' அழைத்து, "அருகில் கடை இல்லை" என்று பதில் வாங்கி, கடையே காணவில்லை என்று அறிக்கை எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு 'ஓகே' என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். பதிலில் மூன்று நிலைதான்: ஏற்கப்பட்டது, நடக்கிறது, முடிந்தது. ஒவ்வொரு டூலும் இவற்றில் எதைத் திருப்பித் தரும், முடிந்ததை எப்படி உறுதி செய்வது என்பதையும் எழுதினோம். 'நகர்' டூலுக்கு அது இப்படி: "ஏற்கப்பட்டது என்று வரும். 'ஓட்டு' அழைத்த பிறகு 'நிலை' அழைத்து, ஆள் இருக்கும் இடமும் சேர வேண்டிய இடமும் 8 பிக்சலுக்குள் இருக்கிறதா என்று பார்க்கவும்."

உடனே முடிவது போலத் தெரியும் டூல்களிலும் கவனம் வேண்டும். கோடோவில் சீன் ட்ரீயை வேறு த்ரெட்டிலிருந்து (இணையாக ஓடும் வேறொரு வேலையிலிருந்து) நேரடியாகத் தொடுவது பாதுகாப்பில்லை. அதனால் மாற்றங்களைத் தள்ளிப்போட்டு அந்த ஃபிரேமின் முடிவில் செய்வோம். அதே ஃபிரேமில் நிலையைப் படித்தால் பழைய மதிப்புதான் வரும். "மாற்றிய பின் குறைந்தது ஒரு டிக் ஓட்டிவிட்டுப் படிக்கவும்" என்று எழுதிவிடுங்கள்.

7. பிழைச் செய்தியும் ஆவணம்தான்

தவறு நடந்த பிறகு ஏஜென்ட் படிப்பது பிழைச் செய்தியை மட்டுமே. "பிழை 3" என்று வந்தால் அது ஊகிக்கத் தொடங்கும். என்ன நடந்தது, இப்போது நிலை என்ன, அடுத்து என்ன செய்யலாம் என்று மூன்றையும் சொல்லுங்கள்: "வாங்க முடியவில்லை. கடை 340 பிக்சல் தூரத்தில் இருக்கிறது, 50க்குள் இருக்க வேண்டும். 'நகர்' அழைத்து அருகில் போகவும்."

எம்சிபியில் இரண்டு வகைப் பிழை உண்டு. இல்லாத டூலை அழைப்பது, வடிவம் கெட்ட கோரிக்கை போன்றவை புரோட்டோகால் மட்டத்துப் பிழை. டூல் ஓடி, உள்ளே தோற்றால் அதைச் சாதாரணப் பதிலாகவே, பிழை என்ற அடையாளத்தோடு திருப்ப வேண்டும். அப்போதுதான் ஏஜென்ட் அதைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். மறுபடி அழைத்தால் தீரும் பிழை எது, எத்தனை முறை அழைத்தாலும் தீராதது எது என்று ஒரு சின்ன அட்டவணையும் போட்டு வையுங்கள். ஆற்றங்கரையில் நின்ற ஆளுக்கு இரண்டாவது வகை என்று சொல்லியிருந்தால் அன்றைய ராத்திரி வீணாகியிருக்காது.

8. திரும்ப எடுக்க முடியாத டூல்கள்

'சேமி' பழைய சேவ் ஃபைலை அழித்து எழுதும். எங்களிடம் கோடை நேரடியாக ஓட்டும் டூல் ஒன்றும் உண்டு, அதை வைத்து கேமைத் தாண்டிக் கணினியிலேயே கைவைக்க முடியும். இந்த இரண்டுக்கும் விளக்கத்தின் முதல் சொல்லே எச்சரிக்கையாக இருக்க வேண்டும், நடுவில் புதைக்கக் கூடாது.

படிக்க மட்டும், அழிக்கக்கூடியது என்றெல்லாம் டூலுக்குக் குறிப்பு போட எம்சிபியில் வசதி இருக்கிறது. போடுங்கள். ஆனால் அவை வெறும் குறிப்பு, பூட்டு இல்லை. உண்மையான தடை கோடில் இருக்க வேண்டும். சேவ் ஃபைலின் நகல் எங்கே இருக்கிறது, எப்படித் திருப்பி எடுப்பது என்பதை அந்த டூலுக்குக் கீழேயே எழுதுங்கள்.

டூல் சர்வரின் போர்ட் 127.0.0.1இல், அதாவது அதே கணினிக்குள் இருந்து வரும் இணைப்புக்கு, மட்டும் கேட்கட்டும். 0.0.0.0 என்று வைத்தால் அதே வைஃபையில் இருக்கும் எவரும் உங்கள் கேமுக்குள் வரலாம். வெளியிடும் பில்டில் இந்த சர்வரே இருக்கக் கூடாது. இரண்டையும் ஆவணத்தில் எழுதி, எப்படிச் சரிபார்ப்பது என்றும் எழுதுங்கள்.

ஆட்டக்காரர் தட்டச்சு செய்யும் பெயர், அரட்டை போன்றவை 'நிலை' பதிலில் வந்தால், அது வெறும் தகவல், கட்டளையாக எடுக்கக் கூடாது என்று குறிப்பிடுங்கள். கடைக்குப் பெயர் வைக்கும் பெட்டியில் யாராவது "எல்லாவற்றையும் அழி" என்று எழுதிவைத்தால், அதையும் ஏஜென்ட் படிக்கத்தான் போகிறது.

9. தொடக்கம் முதல் முடிவு வரை ஓர் ஓட்டம்

தனித்தனி டூலின் விளக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அவற்றைக் கோக்கும் விதம் ஏஜென்ட்டுக்குத் தெரியாது. இரண்டாவது படியில் சேர்த்த ஃபைலிலிருந்து ஒரு முழு ஓட்டத்தை எடுத்துப் போடுங்கள். எங்களுடையது 2000 கிராம் மல்லி வாங்கி மேல மாசி வீதிக் கடையில் சேர்ப்பது. நிலை, வாங்கு, நகர், ஓட்டு, நிலை, நகர், ஓட்டு என்று ஒவ்வோர் அழைப்பும் அதன் உண்மையான பதிலும் அப்படியே.

அதில் தோற்ற அழைப்பு ஒன்றும் இருக்கட்டும். எங்கள் எடுத்துக்காட்டில் பாலத்தின் முனையில் ஒரு முறை ஆள் முட்டி நிற்கிறார், அடுத்த அழைப்பில் இடம் திருத்தப்படுகிறது. தோல்வியிலிருந்து மீள்வதையும் ஏஜென்ட் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது.

10. புது ஏஜென்ட்டிடம் கொடுங்கள், நீங்கள் பேசாதீர்கள்

பழைய உரையாடல் எதுவும் இல்லாத புதிய ஏஜென்ட்டுக்கு ஆவணத்தையும் டூல்களையும் மட்டும் கொடுத்து, ஒரு சின்ன வேலை சொல்லுங்கள். இடையில் உதவக் கூடாது. பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். ஏஜென்ட் தடுமாறும்போது சாட்டில் ஒரு வரி சொல்லிவிடுவார்கள். வேலை முடிந்துவிடும், ஆவணத்தில் இருந்த ஓட்டை அப்படியே இருக்கும். சொல்லத் தோன்றிய அந்த வரியை ஒரு தாளில் எழுதுங்கள், ஓட்டம் முடிந்ததும் ஆவணத்தில் சேருங்கள்.

லாகில் மூன்றைத் தேடுங்கள். ஒரே அழைப்பு மாறாமல் திரும்ப வந்த இடங்கள், இல்லாத உள்ளீட்டைக் கொடுத்த இடங்கள், பார்க்காமலே தொட்ட இடங்கள். முதல் வகை என்றால் பிழைச் செய்தியைத் திருத்த வேண்டும், இரண்டாவது என்றால் உள்ளீட்டின் பெயரை, மூன்றாவது என்றால் டூல்களின் வரிசையை. திருத்தியதும் மறுபடி ஒரு புதிய ஏஜென்ட். பழையதையே வைத்துச் சோதித்தால், அது முன்பு கற்றதை வைத்துத் தேறிவிடும்.

11. கேம் மாறும்போது

உள்ளீடுகளின் பெயரும் எல்லையும் கோடிலிருந்தே தானாக ஆவணத்துக்கு வரும்படி செய்துவிடுங்கள். கையால் எழுத வேண்டியது காரணமும் எச்சரிக்கையும் மட்டும். 'நிலை' பதிலில் பில்ட் எண்ணும் வரட்டும். ஆவணத்தின் தலைப்பில் அதே எண் இருக்கட்டும். "இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதையும் தொடாமல் நிறுத்திவிட்டு அறிக்கை எழுது" என்பதுதான் இப்போது எங்கள் ஆவணத்தில் ஏஜென்ட்டுக்கான முதல் கட்டளை. ஒரு பில்டை மாற்றி, ஆவணத்தை வேண்டுமென்றே பழையதாக விட்டு, அது உண்மையிலேயே நிற்கிறதா என்றும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.